உடைக்கு உள்ளே ஓர் உடை: வீட்டில் தைப்போருக்கு லைனிங் துணி பற்றிச் சில குறிப்புகள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். அந்த ஆடையிலும் வெளியே தெரிவது பாதி, உள்ளே மறைந்திருப்பது பாதி. வெளித்துணியை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். கரையையும் நிறத்தையும் பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். உள்ளே வைக்கும் லைனிங் துணியை மட்டும், "இதே கலரில் ஒரு மீட்டர் கிழியுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பிறகு ரவிக்கை அக்குளில் கிழிகிறது, குழந்தையின் கவுன் முதுகில் பிடிக்கிறது, உடம்பெல்லாம் வேர்க்குரு வருகிறது. பழியோ தையலின் மேலும் தையற்காரரின் மேலும் விழுகிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் தையல் மிஷின் இல்லாத வீடு குறைவு. அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டுப் புடவையை மகளுக்குப் பாவாடையாக மாற்றுவது, ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரித் துணியில் ரவிக்கை தைப்பது, பேத்தியின் பிறந்த நாளுக்குக் கவுன் தைப்பது என்று ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். இவற்றில் பல, கெட்டுப்போனால் திரும்ப வாங்க முடியாத துணிகள். அவற்றைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் உள்ளே வைக்கும் லைனிங்தான். இப்போது கடைகளில் 'லைக்ரா லைனிங்', 'ஸ்ட்ரெச் லைனிங்' என்ற பெயர்களில் மெல்லிய, இழுபடும் துணிகளும் வந்து குவிந்திருக்கின்றன. எதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணி ஏன் இழுபடுகிறது?

துணி இழுபடுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டோம்.

முதலாவது, பின்னல். நெசவுத் துணியில் பாவு நூலும் ஊடு நூலும் நேர்க்கோடுகளாக ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. நேரான நூல் எவ்வளவு நீளும்? மிகக் கொஞ்சம்தான். பனியன் துணியிலோ நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. இழுக்கும்போது வளையம் ஒடுங்கி நீள்கிறது, விட்டால் பழையபடி விரிகிறது. நூல் நீளவில்லை, வளையத்தின் வடிவம்தான் மாறுகிறது. காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் அமைத்தார். அந்த வழியில் வந்த தொழில்தான் இன்று திருப்பூரை உலகறியச் செய்திருக்கிறது. திருப்பதிக்கும் திருப்பூருக்கும் பெயரில் ஒற்றுமை. ஒன்றில் பெருமாள், மற்றொன்றில் பனியன்!

இரண்டாவது, இழுபடும் நூல். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற விஞ்ஞானி 1958-ல் ஒரு செயற்கை இழையை உருவாக்கினார். அதன் பொதுப்பெயர் ஸ்பான்டெக்ஸ். நாம் சொல்லும் 'லைக்ரா' அதன் வியாபாரப் பெயர். தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் அறாமல், விட்டவுடன் பழைய நீளத்துக்கு வந்துவிடும். துணியில் இதை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு கலந்தாலே நல்ல இழுவை கிடைக்கும். ஆகவே 'லைக்ரா துணி' என்றால் முழுவதும் லைக்ரா என்று எண்ண வேண்டாம். மீதிப் பங்கு பருத்தியா, ரேயானா, நைலானா, பாலியெஸ்டரா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, கிராஸ் வெட்டு. இதற்கு விசேஷத் துணி எதுவும் வேண்டாம். சாதாரண மல் துணியை எடுத்து நீளவாக்கில் இழுங்கள், அசையாது. அகலவாக்கில் இழுங்கள், ஏறக்குறைய அசையாது. இரண்டு மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள், தாராளமாக நீளும். ரயில் பாலங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். நான்கு சட்டங்களைச் சதுரமாக இணைத்தால், மூலையில் தள்ளினாலே அது சாய்ந்து வைர வடிவமாகிவிடும். அதைத் தடுக்கத்தான் பாலத்தில் குறுக்குச் சட்டம் வைத்து முக்கோணங்களாக்குகிறோம். நெசவுத் துணி என்பது குறுக்குச் சட்டம் இல்லாத லட்சக்கணக்கான சதுரங்கள். ஆகையால் 45 டிகிரி கோணத்தில் வெட்டினால் பருத்தித் துணியும் இழுபடும். 1920-களில் பாரிஸ் நகரில் மதலேன் வியோனே என்ற தையற்கலைஞர் இந்த வெட்டினால் புகழ்பெற்றார். நம் ஊர்த் தையற்காரர்கள் 'கிராஸ் கட்' ரவிக்கை என்று தைப்பதும் இதே தத்துவம்தான். துணி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

வெளித்துணியும் உள்துணியும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாண் எலாஸ்டிக்கையும் ஒரு சாண் பாவாடை நாடாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரு முனைகளையும் தைத்துவிட்டு இழுங்கள். எலாஸ்டிக் நீளாது. இழுக்கும் விசை முழுவதையும் நாடாதான் தாங்கும். இரண்டு பொருள்களைச் சேர்த்து இழுத்தால் எது குறைவாக இழுபடுகிறதோ அதுவே பாரத்தைச் சுமக்கும். லைனிங் தேர்வின் முழு ரகசியமும் இதில் அடக்கம்.

பட்டுப் புடவையில் வரும் ரவிக்கைத் துணி இழுபடாது. அதன் உள்ளே இழுபடும் லைக்ரா லைனிங் வைத்தால் என்ன ஆகும்? கையைத் தூக்கும்போதும் குனியும்போதும் லைனிங் சுகமாக நீளும், பாரம் முழுவதும் பட்டின் மேல் விழும். பழைய பட்டாக இருந்தால் தையல் ஓரத்தில் இழை பிரிந்து கிழியும். பட்டைக் காப்பாற்ற வைத்த லைனிங்கே பட்டுக்கு எமனாகிவிடும். எனவே பட்டு, கலம்காரி, வெங்கடகிரிப் பருத்தி போன்ற இழுபடாத துணிகளுக்கு இழுபடாத பருத்தி லைனிங்தான் ஏற்றது. லைனிங்கை வெளித்துணியின் நூல் ஓட்டத்திலேயே வெட்டி, இரண்டையும் ஒட்டித் தைத்தால் பாரத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும்.

இதற்கு மறுதலையும் உண்டு. வெளித்துணி பனியன் வகையாகவோ லைக்ரா கலந்ததாகவோ இருந்து, உள்ளே சாதாரண ரூபியாவை வைத்தால் அந்த இழுவை வீண். போடும்போதும் கழற்றும்போதும் லைனிங்கின் தையல் படபடவென்று விடும். முழங்கையை மடக்கும்போது அங்குள்ள தோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. உடையும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். ஆகவே இழுபடும் துணிக்கு, அதே அளவு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இழுபடும் லைனிங் வேண்டும்.

மூன்றாவது வகை, பாவாடை, அனார்கலி, கவுனின் கீழ்ப்பாகம் போன்ற தொளதொளப்பான உடைகள். இங்கே லைனிங் தனியாகத் தொங்குகிறது, உடம்பை இறுக்குவதில்லை. இதற்கு இழுவை தேவையே இல்லை. எடை குறைவாகவும், காற்றோட்டமாகவும், காலில் ஒட்டாமலும் இருந்தால் போதும். லைனிங்கை வெளித்துணியைவிட இரண்டு செ.மீ. குட்டையாக வைத்துத் தனியே மடித்துத் தையுங்கள். இரண்டையும் அடியில் சேர்த்துத் தைத்தால், ஒன்று சுருங்கும்போது மற்றொன்று பலூன் மாதிரி உப்பும்.

கடையில் கிடைப்பவை

2 பை 2 ரூபியா: பாவிலும் ஊடிலும் இரட்டை முறுக்கு நூல் உள்ள பருத்தித் துணி. உறுதியானது. பட்டு ரவிக்கைக்குப் பொருத்தம். 2 பை 1 என்றால் பாவு இரட்டை நூல், ஊடு ஒற்றை நூல். சற்று மெல்லியது.

மல், கேம்பிரிக்: மெல்லிய ஒற்றை நூல் பருத்தி. குழந்தைகள் உடைக்கும் கோடைக்கும் சிறந்தது. மல் மிக மெல்லியது, இறுக்கமான உடைக்குத் தாங்காது. கிராஸில் வெட்டினால் சிறிது இழுபடும் உடைக்கும் பயன்படும்.

கிரேப், சாட்டின்: பளபளப்பாக, வழுவழுப்பாக இருக்கும். இப்பெயர்களில் விற்கும் லைனிங்கில் பெரும்பகுதி பாலியெஸ்டரே. ஜார்ஜெட், நெட் உடைகள் அழகாக விழும். வியர்வையை மட்டும் வாங்காது.

மெல்லிய பனியன் துணி: பருத்தி அல்லது ரேயானில் பின்னியது, சிறிது லைக்ரா கலந்தும் வரும். தோலுக்கு இதமானது. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், தண்ணீரில் நன்றாகச் சுருங்கும்.

ட்ரைகாட்: நைலான் அல்லது பாலியெஸ்டரில் பாவுப் பின்னல் முறையில் செய்தது. மெல்லியது, வழுக்கும், ஓட்டை விழுந்தாலும் எளிதில் பிரியாது. இழுபடும் உடைகளுக்கு நல்ல லைனிங். ஆனால் செயற்கை இழை.

லைக்ரா நெட்: கண்ணுக்குத் தெரியும் சிறு துளைகள் உள்ளது. நான்கு பக்கமும் இழுபடும். காற்றுப் புகும். நாட்டிய உடை, விளையாட்டு உடைகளுக்கு ஏற்றது.

வெயிலும் வியர்வையும்

திருப்பதியில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அந்த வெயிலில் அலிபிரியிலிருந்து 3,500-க்கும் மேற்பட்ட படிகளைப் பட்டுப் பாவாடையில் ஏறும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். வெளியே பட்டு, உள்ளே பாலியெஸ்டர். படி ஏற ஏற லைனிங் காலைச் சுற்றி ஒட்டும்.

இதற்குக் காரணம் இழையின் ஈரம் உறிஞ்சும் குணம். சாதாரணக் காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டும் ரேயானும் 11 கிராம் அளவில் வாங்கும். நைலான் 4 கிராம். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட வாங்காது. உறிஞ்சப்படாத வியர்வை தோலின் மேலேயே நிற்கிறது. குழந்தைகளுக்கு வேர்க்குருவும் பெரியவர்களுக்கு அக்குள் அரிப்பும் அதனால் அதிகமாகின்றன. ஈரமில்லாத நாளிலும் பாலியெஸ்டர் மின்னேற்றம் கொண்டு காலில் ஒட்டும். எனவே நம் பக்கத்து வெயிலுக்குத் தோலைத் தொடும் துணி பருத்தியாக இருப்பதே நல்லது. இழுவை கட்டாயம் வேண்டுமென்றால், லைக்ரா கலந்த பருத்திப் பின்னல் அல்லது ரேயான் பின்னல் என்று கேட்டு வாங்குங்கள்.

தீயும் செயற்கை லைனிங்கும்

அழகைவிட முக்கியமான ஒரு செய்தி. பருத்தி எரியும், ஆனால் உருகாது. பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல் உருகும். நைலானும் உருகும், சில வகை அதற்கு முன்பே. உருகிய துணி மெழுகு போலத் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. பருத்தி திரி போல எரிய, பாலியெஸ்டர் அதில் உருகும். பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால் தொளதொளப்பான உடை எதுவானாலும் அடுப்பருகே கவனம் தேவை.

தீபாவளிக்கு மத்தாப்புப் பிடிக்கும் குழந்தைக்கு நெட் கவுனும் பாலியெஸ்டர் லைனிங்கும் வேண்டவே வேண்டாம். உடம்போடு பொருந்திய பருத்தி உடை போதும். தப்பித்தவறி உடையில் தீப்பட்டுவிட்டால் ஓடவிடாமல் படுக்கவைத்து அணையுங்கள். தீப்புண்ணின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

வாங்குமுன் நான்கு சோதனைகள்

ஒரு ஸ்கேல் பையில் இருந்தால் போதும்.

1. இழுவை: துணியில் 10 செ.மீ. அளவை இரு விரல்களால் பிடித்து ஸ்கேலின் மேல் மெதுவாக இழுங்கள். 12 செ.மீ. வரை சுலபமாக வந்தால் இழுவை 20 சதவீதம், 14 வந்தால் 40 சதவீதம். வெளித்துணியையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள். பல துணிகள் ஒரு பக்கம் மட்டுமே இழுபடும். அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வருமாறு வெட்ட வேண்டும்.

2. மீளுதல்: இழுத்ததை அரை நிமிடம் பிடித்திருந்து விடுங்கள். மறுபடி 10 செ.மீ.க்கு வந்தால் நல்ல துணி. 10½ ஆக நின்றுவிட்டால் நாலு முறை உடுத்தியதும் முழங்கையிலும் இடுப்பிலும் தொய்ந்து பை போலாகும்.

3. எடை: வாங்கிய ஒரு மீட்டரை நிறுத்து, அகலத்தால் வகுங்கள். 112 செ.மீ. அகலத்துணி 90 கிராம் இருந்தால், 90-ஐ 1.12-ஆல் வகுக்க, சதுர மீட்டருக்குச் சுமார் 80 கிராம். நெசவு லைனிங் 60 முதல் 100 வரையிலும், பின்னல் லைனிங் 130 வரையிலும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் நம் கோடைக்குச் சுமைதான்.

4. நூல் எரிப்பு: இதைக் கடையில் செய்யாதீர்கள்! வீட்டில் பெரியவர்கள் மட்டும், இடுக்கியில் ஒரு நூலைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கொளுத்திப் பார்க்கலாம். காகிதம் எரிந்த மணமும் பொடிச் சாம்பலும் என்றால் பருத்தி அல்லது ரேயான். சுருங்கி உருகி கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. தலைமுடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி.

தெலுங்கு தெரியாத புதுக் குடும்பங்களுக்கு இரண்டு சொற்கள்: துணி இழுபடுமா என்று கேட்க 'சாகுதுந்தா?', சாயம் போகுமா என்று கேட்க 'ரங்கு போதுந்தா?' முதல் சொல் நம் காதுக்கு அபசகுனமாகக் கேட்டாலும் கடைக்காரர் சரியாகப் புரிந்துகொள்வார்.

வெட்டுமுன் தண்ணீர்

பருத்தி லைனிங் முதல் துவைப்பிலேயே 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். சிறிய எண்ணாகத் தோன்றும். 90 செ.மீ. மார்பளவுள்ள ரவிக்கையில் 4 சதவீதம் என்பது 3.6 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்! வெளியே இருக்கும் பட்டு அப்படிச் சுருங்காததால் ரவிக்கை முழுவதும் சுருக்கம் விழும். ஆகவே 10 செ.மீ. கூடுதலாக வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். பின்னல் துணி இன்னும் அதிகம் சுருங்கும் என்பதால் இருமுறை நனைப்பது நல்லது.

அடர்ந்த நிற லைனிங்கை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் கலம்காரிக்கும் வெளிர்ப் பட்டுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். கலம்காரிக்கு வெண்மை அல்லது சந்தன நிற லைனிங்தான் பயமில்லாதது.

தைக்கும்போது

பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி, 11-ம் நம்பர் போடுங்கள். கூர்மையான ஊசி வளைய நூலை அறுத்து ஓட்டை விழச் செய்யும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் இழுத்தால் அறும். மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் மிகச் சிறிய அகலத்தில் வையுங்கள். கால் மிதி மிஷினில் நேர்த்தையல் மட்டுமே என்றால், துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். முதலில் ஒரு துண்டில் தைத்து, பலமாக இழுத்து, நூல் அறாததைப் பார்த்த பிறகே உடைக்குப் போங்கள்.

தோள்பட்டை வலியுள்ள பெரியவர்களுக்கு இழுபடாத துணியில் ரவிக்கை தைக்கும்போது, உள்ளே லைக்ரா வைத்துப் பயனில்லை. வெளித்துணி, லைனிங் இரண்டையுமே கிராஸில் வெட்டுங்கள், அல்லது அக்குளில் ஒரு சிறு வைரத் துண்டு இணையுங்கள். கை தூக்குவது சுலபமாகும்.

லைக்ரா கலந்த எதையும் பிளீச்சிங் பவுடரில் போடக் கூடாது, கொதிநீரில் ஊறவைக்கக் கூடாது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரி போடவும் கூடாது. மிதமான சூடு, நிழலில் உலர்த்தல், அவ்வளவே.

சுருக்கமாகச் சொன்னால்

பட்டு, கலம்காரி, கைத்தறி ரவிக்கை: நனைத்த 2 பை 2 ரூபியா, அதே நூல் ஓட்டத்தில்.
பட்டுப் பாவாடை, குழந்தைக் கவுன்: மல் அல்லது கேம்பிரிக், தனியே தொங்கவிட்டு.
சிறிது இழுபடும் பருத்தி லைக்ரா: லைக்ரா கலந்த மெல்லிய பருத்தி, அல்லது கிராஸில் வெட்டிய மல்.
பனியன் வகை உடை: மெல்லிய பருத்தி அல்லது ரேயான் பின்னல். வெயில் இல்லாத காலத்தில் ட்ரைகாட்.
நாட்டிய, விளையாட்டு உடை: லைக்ரா நெட்.

வாங்கும் ஒவ்வொரு லைனிங்கிலும் ஒரு சிறு துண்டை ஒரு நோட்டில் ஒட்டி, பெயர், எடை, இழுவை, எவ்வளவு சுருங்கியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடத்தில் அது உங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல கையேடாகிவிடும். அடுத்த வீட்டுச் சகோதரி கேட்டால் அவருக்கும் காட்டுங்கள்.